நல்ல நேரம் பார்த்து அமுக்கிய அப்டேட்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆனி மாதப் பௌர்ணமியன்று சாயங்காலம், திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. எங்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறது. முன்னால் மளிகைக் கடை, பின்னால் வீடு. பௌர்ணமி வந்துவிட்டால் கடை வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு இளநீர், எலுமிச்சை சோடா, வேகவைத்த வேர்க்கடலை என்று வியாபாரம் தெருவரை நீண்டுவிடும். அதெல்லாம் என் வீட்டுக்காரர் பொறுப்பு.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். பி.எட்.டும் முடித்தேன். முடித்த கையோடு கல்யாணம், அடுத்த வருஷமே மகள், அப்புறம் மாமனாருக்குப் பக்கவாதம் என்று வருஷங்கள் ஓடிப்போயின. மகள் வேலூரில் கல்லூரிக்குப் போன பிறகுதான் வேலை தேட ஆரம்பித்தேன். போன பள்ளிக்கூடத்திலெல்லாம் ஒரே கேள்வி, முன் அனுபவம் உண்டா என்று. வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று நாக்கின் நுனிவரை வரும். என் வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் வேலை கேட்டு நிற்கிற இடத்தில் அதைக் காட்ட முடியாதே, விழுங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவேன். வீட்டுக்கு வந்து அந்தக் கோபத்தையெல்லாம் பாத்திரம் தேய்ப்பதில் காட்டுவேன்.

அப்படி இருக்கும்போதுதான், வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஓர் இடத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அவர்கள் முன் அனுபவம் கேட்கவில்லை. ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும், நான்கு குழந்தைகள் இருப்பார்கள், ஒரு மேடம் கூட இருந்து பார்ப்பார். பிடித்திருந்தால் வேலை. பிடிக்காவிட்டால் அத்தோடு சரி, இரண்டாவது வாய்ப்பு கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொடுத்த பாடம் நிறங்கள். அவர்கள் குறித்துக் கொடுத்த நாள் பௌர்ணமி, நேரம் சாயங்காலம் ஐந்து மணி.

எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. மகள் பத்தாவது படிக்கும்போது வாங்கியது. அதில் உட்கார்ந்து ஒரு வாரம் படம் படமாகச் சேர்த்தேன். சிவப்புத் தக்காளி, மஞ்சள் எலுமிச்சை, பச்சைக் கிளி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் பெரிய எழுத்தில் நிறத்தின் பெயர். நான் செய்ததா என்று எனக்கே சந்தேகம் வரும் அளவுக்கு அழகாக வந்திருந்தது.

இதற்கு நடுவில் ஒரு தொல்லை. கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் மூலையில் ஒரு பெட்டி எழும்பும். அப்டேட் தயாராக இருக்கிறது, இப்போது செய்யவா, பிறகு செய்யவா என்று கேட்கும். நான் இப்போதே செய்து தொலைக்கலாம் என்பேன். என் வீட்டுக்காரர் விடமாட்டார். அவர் தினசரிக் காலண்டரைப் பார்க்காமல் வீட்டுக்குத் துடைப்பம்கூட வாங்காதவர்.

முதல் தடவை அந்தப் பெட்டி வந்தபோது அஷ்டமி. அடுத்த தடவை கரிநாள். அதற்கும் அடுத்த தடவை, "இன்னிக்கு சந்திராஷ்டமம், வேணாம்" என்றார்.

"சந்திராஷ்டமம் எனக்கா, கம்ப்யூட்டருக்கா?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டருக்கு உன் பேருலதானே பில்லு போட்டாங்க" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"ஏங்க, அது மெஷினுங்க. அதுக்கு எதுக்கு நாளு கிழமை?"

"மெஷின்தான். ஆனா ஒரு தரம் அணைஞ்சு திரும்பி எழுந்து வரணும் இல்ல? போயிட்டு வர்ற எதுக்கும் நல்ல நேரம் பாக்கணும்மா."

இப்படிப்பட்ட மனுஷரோடு என்ன பேசுவது? பிறகு பிறகு என்று நானும் அமுக்கிக்கொண்டே வந்தேன். உண்மையைச் சொன்னால், பாடம் தயாரிக்கிற அவசரத்தில் எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

பௌர்ணமியும் வந்தது. அன்றைக்கு எங்கள் பக்கம் செல்போன் சிக்னல் என்று ஒன்று இருப்பதாகவே நினைக்கக்கூடாது. வந்திருக்கிற அத்தனை லட்சம் ஜனமும் கையில் போனோடு நடக்கிறது, டவர் என்ன செய்யும் பாவம்? நல்லவேளையாக, கேபிள்காரர் போட்டுக்கொடுத்த வைஃபை வீட்டில் இருந்தது. கடையின் பெஞ்சு வரைக்கும் நன்றாகவே எடுக்கும். அதனால் நான் கவலையில்லாமல் இருந்தேன். மத்தியானமே கம்ப்யூட்டரைத் திறந்து, படங்களையெல்லாம் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, அப்படியே தயாராக வைத்துவிட்டு, ஐந்து மணி ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் முகம் கழுவிப் புடவை மாற்றப் போனேன்.

பொட்டு வைத்துக்கொண்டு வந்து பார்த்தால், திரை முழுக்க நீலம். நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கீழே, அப்டேட் நடக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறது. அதன் பக்கத்தில் என் வீட்டுக்காரர், கையில் குங்குமச் சிமிழோடு நிற்கிறார். திரையின் நெற்றியில் புதிதாக ஒரு பொட்டு.

"என்னாங்க பண்ணீங்க?"

"நாலே முக்கால்லேர்ந்து நல்ல நேரம்மா. பௌர்ணமி வேற. அந்தப் பொட்டி வந்து இப்போ செய்யவான்னு கேட்டுச்சு. நீயும் இன்னிக்குப் புதுசா ஆரம்பிக்கிற, அதுவும் புதுசா ஆவட்டுமேன்னு அமுக்கிட்டேன்" என்றார். அப்படி ஒரு மலர்ச்சி அந்த முகத்தில். எனக்கு ஏதோ பரிசு வாங்கி வைத்திருக்கிற மாதிரி நின்றார்.

வட்டம் சுற்றுகிறது, பக்கத்தில் ஒரு எண் ஏறுகிறது, ஏறுவது போலவும் இருக்கிறது, ஏறாதது போலவும் இருக்கிறது. என் தக்காளியும் எலுமிச்சையும் கிளியும் அதற்குள்ளே மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஒயரைப் பிடுங்கிவிடலாமா என்று கை போய்விட்டது. அவர் ஓடிவந்து தடுத்தார்.

"அணைக்காதன்னு எழுதியிருக்கான் பாரு. அப்புறம் ஒண்ணுமே இல்லாமப் போயிடப் போவுது."

அப்போது நான் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அஷ்டமி, நவமி, ராகு காலம், எமகண்டம் எல்லாவற்றையும் சேர்த்தே திட்டினேன். மனுஷர் முகம் சுண்டிப்போய், மேசையில் கிடந்த என் போனை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, கடைக்குப் போய்விட்டார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் அழுகை வந்தது. திட்டுவதற்கும் நேரமில்லை, அழுவதற்கும் நேரமில்லை. ஐந்து அடிக்கப் போகிறது.

போனிலேயே வகுப்புக்குள் நுழைந்தேன். உள்ளறையில் வெளிச்சம் போதவில்லை, என் முகம் எனக்கே கருப்பாகத் தெரிந்தது. வெளிச்சத்துக்காகக் கடை வாசலுக்கு வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். சின்னச் சின்னக் கட்டங்களில் நான்கு குழந்தைகள் தெரிந்தார்கள், இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். ஜெர்மனியில் இருப்பவர்கள், ஏழெட்டு வயது இருக்கும். ஐந்தாவது கட்டத்தில் மேடம். கண்ணாடி போட்டுக்கொண்டு, சிரிக்காமல், எதையோ குறித்துக்கொண்டிருந்தார்.

வணக்கம் சொன்னேன். இன்றைக்கு நிறங்கள் படிக்கப் போகிறோம் என்றேன். அடுத்து தக்காளி வரவேண்டும். தக்காளி எங்கே? உள்ளே நீலத் திரைக்குப் பின்னால் இருக்கிறது. "சிவப்பு... சிவப்பு என்றால்..." என்று இழுத்தேன். ஒரு பையன் கொட்டாவி விட்டான். மேடம் பேனாவைக் கீழே வைத்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு பெண் குழந்தை கேட்டாள்: "மிஸ், பின்னாடி ஏன் இவ்ளோ பேரு நடக்கிறாங்க? உங்க ஊர்ல கார் இல்லையா?"

திரும்பிப் பார்த்தேன். தினமும் பார்க்கிற தெரு, மாதா மாதம் பார்க்கிற கூட்டம். ஆனால் அந்தச் சாயங்கால வெயிலில் அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நீலமுமாக, ஆயிரக்கணக்கான புடவைகளும் வேட்டிகளும் துண்டுகளும் என் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. நான் ஒரு வாரம் உட்கார்ந்து சேர்த்த நிறங்களெல்லாம் வரிசை கட்டி நடக்கின்றன. போனைத் தெருப்பக்கம் திருப்பினேன்.

"கார் இருக்குது கண்ணு. இன்னிக்கு இவங்கெல்லாம் மலையைச் சுத்தி நடக்கிறாங்க. சரி, யாரு என்ன கலர் போட்டிருக்காங்க, சொல்லுங்க பாப்போம்" என்றேன். பயத்தில் புத்தகத் தமிழெல்லாம் எங்கேயோ போய், கடையில் பேசுகிற தமிழ்தான் வாயில் வந்தது.

பெஞ்சுக்குப் பக்கத்தில் ஓர் அம்மா சோடா குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், நல்ல வாட்டசாட்டம், செருப்பில்லாத கால் முழுக்கப் புழுதி. போனில் முதலில் தெரிந்தது அவர்தான். கொட்டாவி விட்ட பையன், "பச்சை" என்றான்.

அந்த அம்மாவுக்குச் சுருக்கென்றுவிட்டது. சோடா பாட்டிலை வைத்துவிட்டுப் போனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"பச்சைன்னு மொட்டையா சொல்லாத சாமி. இது கிளிப்பச்சை. அந்தாண்ட போறா பாரு என் நாத்தனாரு, அதான் இலைப்பச்சை. ரெண்டும் ஒண்ணா?"

நான்கு குழந்தைகளும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கிளிப்பச்சை, கிளிப்பச்சை என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பில் உயிர் திரும்பி வந்தது.

என் வீட்டுக்காரர் இளநீர் வெட்டுவதை நிறுத்திவிட்டு அந்த அம்மாவிடம் போய்க் காதோடு என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகுதான் தெரிந்தது. "என்னாலதான்க்கா தப்பாப் போச்சு. இது அவளுக்கு வேலைக்கான பரீட்சை. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போறீங்களா?" என்று கேட்டாராம்.

அந்த அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். அவ்வளவுதான், அதற்கப்புறம் வகுப்பை யார் எடுத்தது என்று எனக்கே தெரியாது. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்த கூட்டம் அவருடையது, பத்துப் பதினைந்து பெண்கள். ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு என் போனுக்கு முன்னால் நிறுத்தினார். குழந்தைகள் நிறத்தைச் சொல்வார்கள், புடவைக்காரம்மா திருத்துவார். மஞ்சள் என்றால், இல்லை, மாம்பழக் கலர். பர்ப்பிள் என்றால், கத்தரிப்பூ கலர். மெரூனா, அது அரக்கு. நீலமா பச்சையா என்று பையன்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்ட புடவை மயில்கழுத்துக் கலர்.

"மயிலு கழுத்துல என்ன கலர் இருக்கும்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"இதே கலர்தான் இருக்கும்" என்று அந்தப் புடவைக்காரப் பெண் தன் முந்தானையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினாள். வெயிலில் ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் பச்சையாகவும் அது மின்னியது. பிள்ளைகள் ஓ என்று கத்தினார்கள்.

இன்னொருத்தி கட்டியிருந்தது வெங்காயத்தோல் கலர். வெங்காயம் ஒரு கலரா என்று குழந்தைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் கடைக்குள் ஓடி, ஒரு வெங்காயத்தைக் கொண்டுவந்து, தோலை உரித்து, அந்தப் பெண்ணிடம் மரியாதையாகக் கேட்டு, முந்தானை ஓரத்தில் வைத்துக் காட்டினார். அச்சு அசலாக அதே நிறம். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அந்தப் புடவையை இவரே நெய்த மாதிரி ஒரு பெருமை.

கூட்டம் சேர்ந்தால் சும்மா இருப்பார்களா? பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் வந்துவிட்டார்.

"யாரும்மா இங்க நிக்கிறது? நடந்துக்கினே இருங்க, வழியை மறிக்காதீங்க."

ஆனால் போனுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது: "அங்கிள், நீங்க என்ன கலர்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். யார் பேசுவது என்று புரிந்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "காக்கி பாப்பா, காக்கி" என்றார். பிள்ளைகள் காக்கி காக்கி என்று கோஷ்டியாகக் கத்த, அவரும் சிரித்துவிட்டார். "சீக்கிரம் முடிச்சுக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு, நடக்கிறவர்களைத் தெருவின் அந்தப் பக்கமாகக் கைகாட்டி அனுப்பிக்கொண்டு அங்கேயே நின்றார்.

வகுப்பு முடிகிற நேரத்தில் மேடம் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"நீங்க படங்கள் தயார் பண்ணியிருக்கறதா சொல்லியிருந்தீங்களே?"

மறைக்கத் தோன்றவில்லை. நல்ல நேரம் பார்த்து அப்டேட் போட்ட கதையைச் சொன்னேன். மேடத்தின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை சொல்கிறோம் என்றார். கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கொட்டாவி விட்ட பையன் மட்டும் கடைசிவரை கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பாதி வழிதான் வந்திருக்கிறார்கள், இன்னும் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். உட்காரக்கூட இல்லாமல் எனக்காக இவ்வளவு நேரம் நின்றுவிட்டார். இளநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்றேன்.

"வேணாம்மா, நேரமாச்சு" என்று தலைப்பை உதறிப் போர்த்திக்கொண்டார். "இதுவரைக்கும் என் வேண்டுதலுக்கு நடந்தேன். இங்கேர்ந்து மீதியை உனக்குன்னு நடந்துடறேன். வேலை கெடைச்சுடும், போ."

"ஐயோ, அப்ப உங்க வேண்டுதல்?"

"அதுக்கு அடுத்த பௌர்ணமி இருக்குது" என்று சிரித்தார். அவர் கூட்டத்துப் பெண்கள் கூப்பிட, கிளிப்பச்சைப் புடவை அந்த நிறங்களுக்குள்ளே போய்க் கலந்துவிட்டது. பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

உள்ளே வந்தபோது கம்ப்யூட்டர் ஒரு சங்கீதத்தோடு கண்ணை விழித்தது. என் படங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, மெதுவாகக் காலண்டரைப் பார்த்தார்.

"நல்ல நேரம் முடியறதுக்குள்ள வந்துடுச்சு பாத்தியா?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. அவரும் சிரிக்க ஆரம்பித்தார். வெளியே சோடா கேட்டுக் கத்துகிறார்கள், நாங்கள் இரண்டு பேரும் பொட்டு வைத்த கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை மேடமே போன் செய்தார். நான்கு வீட்டிலிருந்தும் அந்த மயில்கழுத்து மிஸ்ஸே வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்களாம். எப்போதிலிருந்து சேர்கிறீர்கள் என்று கேட்டார். நான் கடையில் நின்றபடியே அழுதுவிட்டேன். பி.எட். முடித்து இருபது வருஷம் கழித்து ஒருவழியாக டீச்சர் ஆனதற்கான அழுகை அது. அன்றைக்குக் கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் சோடா இலவசம் என்று என் வீட்டுக்காரர் அறிவித்துவிட்டார். அடுத்த வகுப்பு என்றைக்கு, அன்றைக்கு என்ன திதி என்று விசாரித்ததைத்தான் நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அப்டேட் விஷயத்தில் இப்போது எங்கள் வீட்டில் ஒரு சமாதான உடன்படிக்கை உண்டு. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில்தான் அது நடக்கும். கூட்டமெல்லாம் வடிந்து, ஊரே கால்வலியோடு தூங்குகிற நேரம். எனக்கும் அன்றைக்கு வகுப்பு கிடையாது. பெட்டி எழும்பியதும், இப்போது என்று நானே அமுக்கிவிடுவேன். "பிரதமையாச்சே, ஆவாதே" என்று என் வீட்டுக்காரர் தூக்கத்திலேயே முனகுவார். பிரதமை ஒரு குறையும் வைக்கவில்லை இதுவரை.

அந்த அம்மாவை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு விடியவிடிய வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கிளிப்பச்சைப் புடவைகள் எத்தனையோ போயின, அவர் வரவில்லை. வந்தும் எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லையோ என்னவோ. பாதையிலேயே வீடு இருந்தும் வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றினால் அதிகம் என்றிருந்தவள் நான். இப்போது ஒவ்வொரு பௌர்ணமியும் வகுப்பு முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் வாசலிலிருந்து ராஜகோபுரம் வரை அந்த மீதிப் பாதியை நடக்கிறேன். அவர் எதை வேண்டிக்கொண்டு வந்தார் என்று எனக்குத் தெரியாது. அது எதுவாக இருந்தாலும் அவருக்குக் கிடைக்கட்டும் என்று சொல்லிக்கொண்டேதான் நடக்கிறேன், எனக்கென்று கேட்க அந்த வழியில் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை.